தரிசு என்று எழுதப்பட்ட காடு



ஜூலை 23 என்றால் நமக்குத் தாமிரபரணி. 1999ஆம் ஆண்டு அந்த நாளில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் அதை அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் பிணமானார்கள். அவர்கள் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் காடழிப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, "அது சுற்றுச்சூழல்காரர்கள் பேசுவதாயிற்றே" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். காட்டைப் பற்றிய பேச்சில் நாம் இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆற்றில் செத்தவர்கள் யாருக்காக ஊர்வலம் போனார்களோ, அந்தத் தொழிலாளர்கள் வாழ்ந்த மலை 1929க்கு முன்னால் அடர்ந்த காடு. இன்று அரசாங்கக் காகிதத்தில் அது மறுபடியும் காடு. நடுவில் மூன்று நான்கு தலைமுறை மனிதர்கள் அங்கே பிறந்து, உழைத்து, புதைக்கப்பட்டிருக்கிறார்கள். காடு போனதற்கும் ஒரு காகிதம் இருக்கிறது, காடு திரும்பியதற்கும் ஒரு காகிதம் இருக்கிறது. நடுவில் இருந்த மனிதர்களுக்குத்தான் காகிதம் இல்லை.

இந்தக் கதையைச் சமவெளியிலிருந்து தொடங்க வேண்டும். 'தரிசு' என்ற சொல்லிலிருந்து.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்களுக்கு அது தெரிந்த ஆவணம். அதில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் ஒன்றுதான். ஊரில் தரிசு கிடக்கிறது. பறையர் ஒருவர் அதைத் தனக்குக் கொடுக்கும்படி சர்க்காருக்கு மனுப் போட்டால், மிராசுதார் ஆட்சேபம் சொல்கிறார். தரிசின் மேலும் மிராசுதாருக்கே முதல் பாத்தியம். அவர் உழவும் மாட்டார், உழ விடவும் மாட்டார். கையில் ஒரு காணி நிலம் வந்துவிட்டால் பண்ணையாள் நாளைக்கு வேலைக்கு வரமாட்டானே! அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு அப்படித்தான் தொடங்கியது. ஒதுக்கிய நிலம் பிறகு யார் கைக்குப் போனது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே காலத்தில்தான் அயோத்திதாசப் பண்டிதரும் தரிசு நிலத்தை நம் மக்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பண்டிதரின் பொதுவாழ்க்கை தொடங்கியது நீலகிரியில். இரட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தவர். தோட்டங்கள் மலையை விழுங்கிக்கொண்டிருந்ததை இருவரும் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார்கள்.

சமவெளியில் இப்படி இருக்க, மலையில் இதே சொல் வேறு வேலை பார்த்தது. 1815இல் கண்டியைப் பிடித்த வெள்ளை அரசு, இலங்கையில் 1840ஆம் ஆண்டு ஒரு சட்டம் போட்டது. பட்டா காட்ட முடியாத காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடியரசுக்குச் சொந்தமென்று கருதப்படும் என்றது அது. கண்டி விவசாயிகள் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் சேனைப் பயிருக்கும் தலைமுறையாகப் பயன்படுத்திய மலைக்காடு ஒரே வரியில் 'யாருக்கும் சொந்தமில்லாத' நிலமானது. அந்த நிலம் அடிமாட்டு விலைக்குக் காப்பித் துரைகளிடம் போனது. வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளே பலர். 1870களின் இறுதியில் இலங்கையில் காப்பி 2,50,000 ஏக்கருக்கும் மேல் பரவியிருந்தது.

சமவெளியில் தரிசு என்றால் பறையனுக்குக் கிடையாது. மலையில் காடே தரிசு, துரைக்கு உடனே கிடைக்கும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தோட்டத்துக்குக் கூலிகள் எங்கிருந்து வந்தார்கள் என்பது புரியும். நிலம் மறுக்கப்பட்டவர்களைக் கொண்டுதான் காடு தோட்டமாக்கப்பட்டது.

காட்டை எப்படி அழித்தார்கள் என்று அந்தக் காலத்து எழுத்துகளில் விவரம் இருக்கிறது. மலைச் சரிவின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மரத்தையும் பாதி வரை வெட்டி அப்படியே நிறுத்திக்கொண்டு மேலே போவார்கள். உச்சிக்குப் போனதும் மேல் வரிசையில் நிற்கும் பெரிய மரங்களை முழுசாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை விழும் வேகத்தில் கீழே பாதி வெட்டுண்டு நிற்பவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, மலையின் ஒரு முகமே இடி முழக்கத்தோடு கீழே வரும். பிறகு சில வாரம் காயவிட்டுத் தீ வைப்பார்கள். சாம்பல் ஆறியதும் கயிறு பிடித்துக் குழி தோண்டி நாற்று நடுவார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் மரம் வெட்டும் வேலையைப் பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு எடுத்தவர்கள் கண்டிப் பகுதிச் சிங்களக் கிராமத்தார். கோடாரி வேலையில் அவர்கள் தேர்ந்தவர்கள். குழி தோண்டியதும், பாதை போட்டதும், நட்டதும், களை பிடுங்கியதும், காப்பிப் பழம் பறித்ததும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். அவர்களில் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று பதியப்பட்டவர்களே மிகுதி. கங்காணிகளில் மேல்சாதியாரும் இடைச்சாதியாரும் நிறைய. ஊரில் இருந்த சாதி தோணி ஏறி மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, லயத்தில் வரிசை பிரித்துக்கொண்டு உட்கார்ந்தது. அந்த நடைவழியில் காலராவிலும் அம்மையிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போனவர் கழுத்தில் முன்பணக் கடன். அந்தக் கடன் எழுதிய 'துண்டு' இல்லாமல் தோட்டம் மாற முடியாது. 1921 வரை அது நடைமுறையில் இருந்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

காடு போன பிறகு மலைக்கு என்ன ஆனது? காப்பித் துரைகளுக்குக் களையே ஆகாது. மண் துடைத்து வைத்தது போல இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை கூலிகளை விட்டுச் சுரண்டினார்கள். சாய்வான நிலம், மழையைத் தடுக்க மேலே மரக்கூரை இல்லை, கீழே சருகு இல்லை, புல்லும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காடு சேர்த்து வைத்த மேல்மண் சில மழைக்காலத்திலேயே ஓடையில் இறங்கி ஆற்றை அடைத்தது. 1873இல் லண்டன் க்யூ தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாதீர்கள் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். அதன்படி உத்தரவும் வந்தது. ஹார்ட்டன் சமவெளி இன்றைக்கு மிஞ்சி நிற்பதற்கு அது ஒரு காரணம். அதற்குக் கீழே மிஞ்சியது சொற்பம்.

1869இல் காப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி தென்பட்டது. இலைத்துரு நோய். இதை ஆராய வந்த மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர், நோய் இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் மலை மலையாக இடைவெளி இல்லாமல் ஒரே செடி நிற்பதுதான் என்று கண்டு சொன்னார். நடுவில் காட்டுப் பட்டைகள் இருந்திருந்தால் காற்றில் வரும் துருவின் வித்துகளை அவை தடுத்திருக்கும். துரைகள் கேட்கவில்லை. காப்பி செத்தது. செத்த இடத்தில் தேயிலை வந்தது. கூலிக்கு என்ன ஆனது என்று யாரும் அறிக்கை எழுதவில்லை. சம்பளப் பாக்கியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம்.

இந்தியப் பக்கமும் அதே ஓட்டம். 1856இல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக கிளெக்ஹார்ன் வந்தார். அதே ஆண்டு ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கு ரயில் ஓடியது. தண்டவாளத்துக்குக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் காட்டிலிருந்துதான் போயின. ஆனால் காட்டை அழிக்கிறவர்கள் என்று முதலில் தடை போடப்பட்டது மலைவாழ் மக்களின் குமரி சாகுபடிக்கு. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. யார் காட்டைத் தின்கிறார்களோ அவர்கள் சட்டம் எழுதும் இடத்தில் இருந்தார்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மாஞ்சோலைக்கு வருவோம். பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863இல் தொடங்கப்பட்ட கம்பெனி. பெயரிலேயே இருக்கிறது, பர்மாவின் தேக்குதான் அதன் முதல் சொத்து. அனுமதித்ததைவிட அதிக மரம் வெட்டிக் கடத்தியதாக பர்மாவின் தீபா மன்னரின் அரசவை 1885இல் அந்தக் கம்பெனிக்குப் பெரும் அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். மன்னரை நாடு கடத்தினார்கள். ஒரு மரக் கம்பெனியின் தகராறில் ஒரு நாடே போயிற்று. அதே கம்பெனிதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து மேற்குத்தொடர்ச்சி மலையில் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது, மலை அரசுக்குப் போனது, குத்தகை மட்டும் அசையவில்லை. ஜமீன் ஒழிந்தாலும் ஜமீன் போட்ட கையெழுத்து ஒழியவில்லை.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்தப் பெயர்களைச் சொல்லும்போது அவை எப்படிப்பட்ட இடம் என்பதையும் மனதில் வையுங்கள். ஊத்தும் நாலுமுக்கும் தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பதிவாகும் இடங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் அங்கே விழுகிறது. அந்த மழையை வாங்கி வைத்துக்கொண்டு வெயில் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது பசுமைமாறாக் காட்டின் வேலை. மேலே பல அடுக்கு இலை, கீழே முழங்கால் புதையும் சருகு, அதன் கீழே பாறை வரை ஓடும் வேர். தாமிரபரணி வற்றாத ஆறு என்று நாம் பெருமை பேசுவது அந்தச் சருகைப் பற்றித்தான். தேயிலையும் வளர்ந்து மூடிவிட்டால் மண்ணை ஓரளவு பிடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெட்டி, எரித்து, நட்டு, அது மூடுவதற்குள் போன மண் போனதுதான். சிங்கவால் குரங்கு கிளை விட்டுக் கிளை தாவிப் போகும் வழி நடுவில் அறுந்தது. யானை நடந்த தடத்தில் தேயிலை வந்தது.

அந்த ஆற்றுத் தண்ணீரில் கீழே அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் காரும் பிசானமும் விளைந்தன. வயல் மடத்துக்கும் மேல்சாதிக்கும். மேலே கொழுந்து கிள்ளியதும் கீழே நாற்று நட்டதும் பெரும்பாலும் ஒரே சனம். 1999இல் அந்த ஆற்றிலேயே விழுந்ததும் அதே சனம். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த டேனியல் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்ததையும் உங்களில் பலர் படித்திருப்பீர்கள். வால்பாறைக்கு அவர் செய்ததை மாஞ்சோலைக்கு இன்னும் யாரும் முழுசாகச் செய்யவில்லை.

இலங்கைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கதைக்கு ஒரு நிமிடம் திரும்ப வேண்டும். 1948இல் அவர்கள் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. யாரையும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக வனத் துறையே நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று 4,000 ஹெக்டேருக்கும் மேல். பாட்டன் ஒரு நாட்டில் காட்டுச் சாம்பலில் குழி தோண்டினான், பேரன் இன்னொரு நாட்டில் அதே வேலையைச் செய்தான், இம்முறை துரை வனத் துறை. 2022இல் அதில் 2,152 ஹெக்டேரை மீண்டும் வனத் துறையிடம் ஒப்படைக்க அரசு உத்தரவிட்டது. நட்டம் என்பது காரணம். லயங்களில் இருப்பவர்கள் எங்கே போவது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

இந்த இடத்தில் நமக்குள் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கூடலூர் பணியரும் காட்டுநாயக்கரும், ஆனைமலைக் காடரும், நம்மூர் மலையின் காணிக்காரரும் அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள். தோட்டம் வந்தபோது அவர்கள் இழந்தது, நம் ஆட்களின் கையால் நடந்த வேலையில் இழந்தது. நம் கைக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது உண்மை. அது அவர்களுடைய இழப்பைக் குறைக்காது. ஆதிவாசியும் தோட்டத் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கும்படி பார்த்துக்கொள்வது நிர்வாகங்களுக்கு வசதி. அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

கூடலூரைப் பற்றி இன்னொரு வேடிக்கை. நாட்டில் காடு என்றால் என்ன என்பதையே மாற்றி எழுதிய உச்ச நீதிமன்ற உத்தரவு 1996 டிசம்பரில் வந்தது. அந்த வழக்கு கூடலூர் மரங்களைப் பற்றியதுதான். போட்டவர் அந்த நிலத்தின் ஜென்மிகளாக இருந்த நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். வழக்கு அவசியமானது, நல்லதும் செய்தது. ஆனால் காட்டைக் காக்கக் கோர்ட்டுக்குப் போகக்கூடியவர் பெயர் கோவிலகத்துப் பெயராக இருப்பதும், அங்கே வேலை செய்தவர் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்' பட்டியலில் இருப்பதும் தற்செயலா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காடழிப்பின் விளைவு எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி. 70 பேர் இறந்தார்கள். பலருக்குப் பூர்வீகம் நம் கயத்தாறு பக்கம். தோட்டத்துக்காகக் காட்டை வெட்டியதால் மட்டுமே பெட்டிமுடி சரிந்தது என்று நான் சொல்லமாட்டேன். சரிவு தொடங்கியது தோட்டத்துக்கு மேலே. அன்று பெய்த மழையும் சாதாரணமானதல்ல. எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. ஓடை இறங்கும் பள்ளத்தில் லயத்தைக் கட்டச் சொன்னது யார்? மேடான, நிலையான, காட்சி தெரிகிற இடத்தில் பங்களா. ஊரில் பள்ளத்திலும் ஏரிக் கழுங்கின் வாயிலும் சேரியை வைத்த அதே கணக்கு. மலை சரிவதை நிலவியல் சொல்லும். சரிவில் யார் படுத்திருந்தார்கள் என்பதைச் சாதிதான் சொல்லும்.

இப்போது மாஞ்சோலையின் கடைசிக் கட்டம். 1988இல் அந்த மலை களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. 2018இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதுவரைகூடக் காத்திருக்காமல் கம்பெனி 2024இல் வேலையை முடித்துக்கொண்டு, விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கியது. தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்தட்டும் என்று போட்ட வழக்கு 2024 டிசம்பரில் தள்ளுபடியானது.

வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடி அல்லாத வனவாசிக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே குடியிருந்திருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். 1930 டிசம்பர் வருகிறது. குத்தகை 1929. முதல் கூட்டம் ஏறி, காடு வெட்டி, லயம் எழும்புவதற்குள் அந்தத் தேதி தாண்டிவிட்டது. அப்படியே தேதி பொருந்தினாலும், நீ காட்டை நம்பி வாழவில்லை, கம்பெனிச் சம்பளத்தை நம்பி வாழ்ந்தாய் என்று சொல்லிவிடுவார்கள். காட்டை அழித்ததற்கு அவர்களைத் தொழிலாளி என்றது சட்டம். காட்டில் இருப்பதற்கு அவர்களை அந்நியர் என்கிறது.

காடு திரும்ப வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும். தாமிரபரணிக்காக வர வேண்டும். ஆனால் ஆளை இறக்கிவிட்டுப் பூட்டுப் போட்டால் காடு வந்துவிடாது. கவ்வாத்து செய்யாமல் விட்ட தேயிலை புதராகவே நிற்காது, மரமாக வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடைவெளியில் அந்நியக் களைகள் ஏறும். வால்பாறையில் சூழலியலாளர்கள் துண்டுக் காடுகளை மீட்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். காட்டு மர விதை பொறுக்கி, நாற்றங்கால் வைத்து, நட்டு, வருஷக்கணக்கில் களை எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மழையில் சரிவில் நிற்கத் தெரிந்த கை வேண்டும். எந்த ஓடை எப்போது புரளும், எந்த இடத்தில் முன்பு என்ன மரம் நின்றது என்று தாத்தா சொல்லக் கேட்டவர்கள் வேண்டும். அந்தக் கைகள் இன்று சமவெளியில் வேலை தேடிக்கொண்டிருக்கின்றன. காட்டை மீட்கும் கூலியாவது அவர்களுக்கு, நியாயமான சம்பளத்தோடு, வீட்டோடு, வனத் துறையின் கங்காணித்தனம் இல்லாமல் கிடைக்க வேண்டும். இது நம் கோரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். தோட்ட அலுவலகங்களில் பெரட்டுப் பேரேடு என்று ஒன்று இருக்கும். தினமும் காலையில் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் எழுதுவது. முன்பணக் கணக்கு, ஆஸ்பத்திரிக் குறிப்பு, தோட்டத்துப் பள்ளிக்கூடச் சேர்க்கைப் புத்தகம், இவையும் இருக்கும். கம்பெனி மூட்டை கட்டும்போது முதலில் எடைக்குப் போவது இவைதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஜமீன் கோப்பு கிடைக்கும், கூலியின் பெயர் கிடைக்காது. அந்தப் பெயர் பேரேட்டில் இருக்கிறது, இல்லையென்றால் மணிமுத்தாறிலும் கல்லிடைக்குறிச்சியிலும் வாடகை வீட்டில் இருக்கும் கிழவிகளின் வாயில் இருக்கிறது. செல்போனைப் பதிவில் போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். முதலில் எந்த வருஷம் மலை ஏறினார்கள், அப்போது அங்கே என்ன மரம் நின்றது என்று கேளுங்கள். 2028 பிப்ரவரிக்கு இன்னும் அதிக நாள் இல்லை.